டிசம்பரில் சீசன், டிசம்பரிலேயே பரீட்சை

செட்டிநாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரை நானே எடுத்துவிட்டேன். பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியவர்கள் அங்கே இரண்டு மூன்று பேர்தான். பெயரைப் போட்டால் மறுநாள் காலைக் காபிக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அவருக்கு வயது 33. பி.காம்., 54 சதவீத மதிப்பெண். காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு, 14 அறைகள் உள்ள ஓட்டல் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார். இப்போது அங்கேயே உதவி மேலாளர், சம்பளம் 34,000 ரூபாய். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பையன், மாமியார். ஓட்டலின் மேலாளர் இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறார். "எம்.பி.ஏ. முடித்துவிடு, அந்த நாற்காலி உனக்குத்தான்" என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

நான்கு வழிகளை எழுதியிருக்கிறார். முதலாவது, அழகப்பா பல்கலைக்கழகம் அல்லது இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை எம்.பி.ஏ. அடுத்தது, வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் எம்.பி.ஏ.; அதை விற்கும் நிறுவனத்திலிருந்து தினமும் போன் வருகிறது, 1,80,000 ரூபாயாம், 'வட்டியில்லாத் தவணை'யாம். மூன்றாவதாக ஒரு கல்லூரி 'ரெகுலர்' எம்.பி.ஏ. தருகிறது, வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்கிறார்கள். நான்காவது, சென்னையில் வார இறுதிகளில் நடக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.

எதில் சேர்ந்தாலும் கட்டணத்தில் பாதியை, ஒரு லட்சம் வரை, முதலாளி தருவாராம். பதிலுக்கு மூன்று வருடம் வேலையை விட மாட்டேன் என்று ஒரு பாண்டு, ஒரிஜினல் சான்றிதழ்கள், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக். அந்த ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்களையும் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

"தபாலில் படித்த எம்.பி.ஏ.வுக்கு மதிப்பே இல்லை என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படி என்கிறார் கணவர். பேரன் ஸ்லேட்டைத் தூக்குற வயசுல மருமகளும் தூக்குறாளாம் என்று மாமியார் சிரிக்கிறார். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காதுக்கா, கையெழுத்தைப் போடு என்கிறான் தம்பி. நான் என்ன செய்ய, ஐயா?" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பார்த்துவிடுவோம். ஆன்லைன் படிப்பை விற்கும் அந்தப் பெண் கேட்டதும் பான் எண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள். போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் சொல்லியிருக்கிறீர்கள். 'சீட்டைப் பிடித்து வைக்க' 5,000 ரூபாயும் அனுப்பியாயிற்று. மற்றதெல்லாம் அடுத்த வாரம் யோசிக்கலாம். இதை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

'வட்டியில்லாத் தவணை' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு கடன். படிப்பை விற்கும் நிறுவனம் தன் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்ளும். ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதிக்கொள்ளும். நீங்கள் ஆறே மாதத்தில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் என்ற கடன் மதிப்பெண் விழும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். நீங்கள் சொன்ன ஓ.டி.பி. வெறும் பதிவுக்கானதாகவும் இருக்கலாம், கடன் ஒப்புதலாகவும் இருக்கலாம். அந்தக் குறுஞ்செய்தியை மறுபடி எடுத்து, யார் அனுப்பியது, எதற்கு என்று வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதையும் எடுத்துப் பாருங்கள்; புதுக் கடன் அதில் ஏறச் சில வாரம் பிடிக்கும் என்பதால் அடுத்த மாதமும் ஒருமுறை பாருங்கள். டிஜிட்டல் கடனுக்கு, எடுத்த கையோடு அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்து வெளியேறக் குறுகிய அவகாசம் உண்டு. அதனால்தான் அவசரம் என்கிறேன். "எனக்கு இந்தப் படிப்பும் வேண்டாம், கடனும் வேண்டாம், 5,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசுவதற்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஆன்லைன் எம்.பி.ஏ. என்றாலே ஏமாற்று என்று சொல்லவில்லை. முறையாக அனுமதி பெற்று நடத்தும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் "இன்றே கடைசி நாள்" என்று 12 நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பாடம் வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. 2024 ஏப்ரலில் 'பத்து நாள் எம்.பி.ஏ.' என்ற பெயரில் விற்பவர்களைப் பற்றி பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. பத்து நாளில் மாவடு கூட ஊறாது.

வகுப்புக்கே வராத 'ரெகுலர்'

உங்கள் நான்கு வழிகளில் இது ஒன்றைத்தான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வேன். உங்களுக்கு இது பிடித்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. 'ரெகுலர்' என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் அப்படி ஒரு மயக்கம்.

முழு நேரப் படிப்பு என்றால் வருகைப் பதிவு வேண்டும். பொதுவாக 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். நீங்கள் ஓட்டலில் அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கல்லூரியில் உங்கள் பெயருக்கு நேராக யாரோ 'வந்தார்' என்று எழுதப்போகிறார்கள். அது பொய் ஆவணம். பிற்பாடு பிரச்சினை வந்தால், கல்லூரிக்காரர் கைகழுவிவிட்டுப் போவார். சான்றிதழில் இருக்கும் பெயர் உங்களுடையது.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். உங்கள் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணின் கணக்கில் ஏறியிருக்கும். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பின்புலச் சரிபார்ப்பில் இதைக் கேட்டு வாங்குகின்றன. என்னிடம் முன்பு படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், இப்படி ஒரு ரெகுலர் பட்டத்தோடு சென்னையில் நல்ல வேலைக்குத் தேர்வானான். சேர வேண்டிய வாரத்தில் கம்பெனி விளக்கம் கேட்டது. ஒரு மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒன்று பட்டப் படிப்பின் காலம், இன்னொன்று பி.எஃப். வரலாறு. இரண்டிலும் அதே இரண்டு வருடம். அவன் வேலை பார்த்ததும் உண்மை, பரீட்சை எழுதித் தேறியதும் உண்மை. நடுவில் இருந்த வருகைப் பதிவுதான் பொய். வேலை கிடைக்கவில்லை. அதைவிட, அந்தப் பட்டத்தை இன்னொரு இடத்தில் காட்ட அவனுக்கு இன்றுவரை பயம்.

தொலைநிலையில் படித்தேன் என்று பட்டமே சொல்லும்போது அந்தப் பயம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்தேன் என்பது அங்கே பெருமையாகிவிடுகிறது.

'தபால் படிப்பு'க்கு மதிப்பில்லையா?

சட்டப்படி உண்டு. யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் படிப்பு விதிமுறைகளின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டம், நேரடியாகக் கல்லூரியில் படித்த பட்டத்துக்கு இணையானது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. அரசு வேலை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை என்ற வரிசை தவறியவர்களுக்குத்தான் சிக்கல். நீங்கள் வரிசையாகப் படித்தவர்.

சந்தையில் மதிப்பு என்பது வேறு. எந்த வழியில் படித்தீர்கள் என்பது சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும், அதை மறைக்க முடியாது. சென்னையின் பெரிய கம்பெனிகள் கல்லூரிக்கே போய் ஆளெடுக்கும் வரிசையில் தொலைநிலைப் பட்டம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தாது. ஆனால் நீங்கள் அந்த வரிசைக்காகவா படிக்கிறீர்கள்? உங்களைப் பல வருடமாகப் பார்க்கும் முதலாளியிடம் ஒரு நாற்காலி இருக்கிறது. அவருக்கு வேண்டியது படித்தவர் என்று காட்ட ஒரு பட்டம், கூடவே உங்கள் வேலைத்திறன். அதற்கு இது போதும்.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, எம்.பி.ஏ. என்ற அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பருவத்துக்குப் பருவம் பட்டியல் மாறும். அப்புறம், அந்தப் பிரிவின் தளத்தில் 'டெப் ஐ.டி.' என்ற மாணவர் அடையாள எண்ணை நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் இப்போது தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர முடியாது. "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள், ஒருமுறை கொடுத்தது போதும். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகப் போக வேண்டும். 'எங்கள் சென்டர்' என்று பஸ் ஸ்டாண்டு மாடியில் பலகை மாட்டியிருப்பவர்களின் கணக்குக்கு வேண்டாம். உரிமத்தை வாடகைக்கு விடுவதை அந்த விதிமுறைகள் தடை செய்கின்றன.

இக்னோவில் எம்.பி.ஏ.வுக்குப் பட்டப் படிப்பில் 50 சதவீதம் கேட்கிறார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. உங்கள் 54 போதும்.

முதலாளியின் ஒப்பந்தம்

இப்போது அந்தக் கட்டைவிரல் படத்துக்கு வருவோம். ஏழாவது நிபந்தனையை மூன்று முறை படித்தேன். "படிப்பு முடிந்த தேதியிலிருந்து மூன்று வருடம் பணியில் இருக்க வேண்டும், இடையில் எக்காரணத்தாலும் விலகினால் மூன்று லட்சம் ரூபாயும் 24 சதவீத வட்டியும்."

உங்கள் தம்பி சொல்வது பாதிதான் சரி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. அதை வைத்து எல்லா பாண்டும் காகிதம்தான் என்று பலர் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே கோர்ட்டில் நிற்காது என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகை எதுவானாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. நாற்பதாயிரம் கொடுத்துவிட்டு மூன்று லட்சம் கேட்டால் நீதிமன்றம் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஆனால் அது சுளிக்கும் வரை நீங்கள் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும். பையனை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது?

நாற்பதாயிரம் என்று ஏன் சொன்னேன்? இக்னோ, மாநிலப் பல்கலைக்கழகங்களில் தொலைநிலை எம்.பி.ஏ.வுக்கு ஆகும் செலவு அந்த ஆன்லைன் நிறுவனம் கேட்பதில் பாதிகூட வராது. 80,000 என்றே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் பங்கு 40,000. இரண்டு வருடத்தில் பிரித்தால் மாதம் 1,700 ரூபாய்க்கும் கீழே. அதற்காகப் படிக்கும் இரண்டு வருடம், அதற்கப்புறம் மூன்று வருடம், ஆக ஐந்து வருடத்தை எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இந்தப் பக்கத்துக்கு மூன்று வருடம் என்பது பழகிய கணக்கு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைக்க, போன நகரத்தார் கடைகளில் ஏஜெண்டுகளுக்கு மூன்று வருடக் கெடுதான். பெட்டியடிப் பையன் என்ற கடைநிலையில் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகி, படிப்படியாக உயர்ந்து திரும்பியதுண்டு. உங்கள் முதலாளி வீட்டு இரண்டாம் கட்டில் அந்தப் பெட்டகங்கள் இன்னும் இருக்கும், விருந்தினர் படமெடுக்க. ஆனால் அந்த ஏஜெண்டுக்குப் போகும்போதே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைத்தது, லாபத்தில் பங்கும் இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? 'அந்த நாற்காலி உனக்கு' என்ற பேச்சு இரண்டு பக்கத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

சான்றிதழையும் செக்கையும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். சான்றிதழ் நகை மாதிரி அடகுப் பொருள் கிடையாது, அதைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமையும் கிடையாது. போதாததற்கு, பல்கலைக்கழகத்தில் சேரவே ஒரிஜினலைக் காட்ட வேண்டியிருக்கும். வெற்று செக் இன்னும் ஆபத்து. கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை சிறைக்கும் வழி இருக்கிறது. உங்கள் முதலாளி நல்லவர் என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். நாளைக்கு ஓட்டலை விற்றால் அந்த செக் யார் கைக்குப் போகும்?

என் யோசனை, அவரிடம் பணமே வாங்காதீர்கள். நாட்களை வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு. ஒவ்வொன்றுக்கும் ஆறு நாள் சம்பளத்தோடு விடுப்பு, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் அனுமதி. இதை ஒரு கடிதமாகக் கேளுங்கள். உங்களுக்கு இல்லாதது பணமில்லை, நேரம். அவருக்கும் இது மலிவு.

அப்படியும் பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், திருப்பித் தர வேண்டியது அவர் கொடுத்த தொகையைத் தாண்டக் கூடாது. மாதாமாதம் 36இல் ஒரு பங்கு குறைய வேண்டும். 40,000 வாங்கியவர் 18 மாதத்தில் விலகினால் 20,000 கொடுத்துவிட்டுப் போகலாம். கெடு, பணம் கொடுத்த தேதியிலிருந்து ஓட வேண்டும். அவராக வேலையை விட்டு நீக்கினாலோ, ஓட்டல் கைமாறினாலோ பாக்கி பூஜ்யம். 'எக்காரணத்தாலும்' என்ற சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நான் படிப்பு வாத்தியார், வக்கீல் இல்லை.

வாரத்துக்கு எத்தனை மணி?

இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குக் கவலை. தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. ஒரு பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் 600 மணி, 24 வாரத்தில் வகுத்தால் வாரம் 25 மணி. இந்தக் கணக்கை முழுதாகப் படித்து முடித்த மாணவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பாதி என்று வைத்தாலும் வாரம் 12 மணி வேண்டும். மாமியார் தூங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல் முகப்பில் விளக்குப் போட்டுப் படிப்பேன் என்கிறீர்கள். எத்தனை நாள்? விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, வாரம் ஐந்து நாள், பிறகு வார விடுமுறையில் நான்கு மணி. அதுதான் நிற்கும்.

உங்கள் தொழிலில் டிசம்பர், ஜனவரி என்றால் 14 அறையும் நிரம்பியிருக்கும். தொலைநிலைத் தேர்வுகளில் பாதி டிசம்பரில்தான் வரும். சென்னை வார இறுதி வகுப்பை இதனால்தான் ஒதுக்கச் சொல்கிறேன். திருச்சி ஐ.ஐ.எம். கூட வேலையிலிருப்பவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பைச் சென்னையில் நடத்துகிறது, நல்ல படிப்பு, கட்டணம் லட்சக்கணக்கில். ஆனால் மற்றவருக்கு ஓய்வு நாளான சனி, ஞாயிறுதான் ஓட்டல்காரருக்கு அறுவடை. வெள்ளி இரவு ரயிலேறி 400 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திங்கள் காலை திரும்பும் உதவி மேலாளரை எந்த முதலாளியும் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுக்க மாட்டார்.

அதனால் ஜனவரி-பிப்ரவரிச் சேர்க்கையில் சேருங்கள். முதல் தேர்வு மே, ஜூன் வாக்கில் வரும். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் வளவில் வெயிலைத் தவிர வேறு விருந்தினர் கிடையாது, உட்கார்ந்து படிக்கலாம். டிசம்பர்த் தேர்வு தவறினால் ஜூனில் எழுதும் வசதி இக்னோவில் உண்டு, இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுக்கலாம். ஆனால் மேலாளர் ஓய்வு பெற மூன்று வருடம்தான் என்பதால் இரண்டரை வருடத்தில் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். மாமியாரிடம் "படிக்கட்டுமா" என்று அனுமதி கேட்காதீர்கள். "காலையில் பையனுக்கு இட்லி ஊட்டி யூனிஃபார்ம் போட்டுவிடுவீர்களா அத்தை" என்று வேலையாகக் கேளுங்கள். சிரிப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த வேலையைச் செய்துவிடுவார்கள்.

கணவர் சொல்லும் முழு நேரப் படிப்புக்குக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். 34,000 வீதம் 24 மாதம், 8,16,000 ரூபாய் சம்பளம் போகும். கட்டணம் தனி. நாற்காலியும் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும். வரிச் சலுகை பற்றிக் கேட்டதற்கு: படிப்புக் கடனின் வட்டிக்கு 80இ என்று எல்லாரும் சொல்லும் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது என்ன?

கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிப் பக்கம். ஒரு பிரெஞ்சுக் குழு ஜனவரியில் எட்டு அறை, மூன்று இரவு கேட்டது. ஓர் அறை ஓர் இரவுக்கு 5,500 ரூபாய் என்று கொடுக்கலாமா என்று முதலாளி கேட்டார். "ஒவ்வோர் அறைக்கும் என்ன செலவு என்று பைசாவோடு எனக்குத் தெரியும், ஆனால் என்ன விலை சொல்வதென்று தெரியாமல் நின்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆடிட்டர் அலுவலகம் உங்களுக்கு நடந்து முடிந்ததைக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது. இது நடக்கப்போவதற்கான கணக்கு. ஜூன் மாதம் காலியாகக் கிடக்கும் அறைக்குச் சலவை, சோப்பு, காலைப் பலகாரம் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆகிறதென்றால், 2,500க்குக் கொடுத்தாலும் 1,600 மிச்சம். அறை காலியாகக் கிடந்தால் அதுவும் இல்லை. ஜனவரியில் அதே அறையை 5,500க்குக் கொடுத்தால், 8,000 கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். இப்படி இழந்த 2,500 ரூபாய், செலவு என்று எந்தப் பேரேட்டிலும் ஏறாமலே போய்விடுகிறது. செலவைப் பார்த்து விலை வைப்பதை விட்டு, அந்த இரவு அந்த அறையை வேறு யார் கேட்பார் என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கு. எம்.பி.ஏ.வில் இதற்கு இரண்டு மூன்று தாள்கள் இருக்கின்றன, நீங்கள் அவற்றை ரசித்துப் படிப்பீர்கள்.

அதற்கு ஜனவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில், ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். திட்டம் நடத்தும் மேலாண்மைப் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம், பாடத்துக்கு 1,000 ரூபாய். ஜூலையில் தொடங்கும் பருவத்தில் சந்தைப்படுத்தலோ நிர்வாகக் கணக்கியலோ எட்டு அல்லது 12 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார முடிகிறதா என்று அக்டோபருக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். முடிந்தால் டெப் ஐ.டி. எடுத்துச் சேருங்கள். முடியவில்லை என்றால் 80,000 மிச்சம், அந்த ஒரு பாடம் லாபம்.

ஏழாவது நிபந்தனையைத் திருத்தி முதலாளி மறுபடி கொடுத்தால், கையெழுத்துக்கு முன் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். இந்தத் தடவை விரல் படாமல். மூன்றாவது நிபந்தனையின் கடைசி வரியை என்னால் படிக்க முடியவில்லை.